கோரியில் கண்டதும் காணாததும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நிறைவு விழாவில் பேசுகிறவர் வட்டத்தின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவதுதான் முறை. அதைச் செயலாளர் தம் அறிக்கையில் குறைவறச் சொல்லிவிட்டார். என்னிடம் கேட்டது ஒரு பயண அனுபவம். மலர்க்குழுவினர் இன்னொன்றும் கேட்டிருந்தார்கள். 1979ஆம் ஆண்டு நான் எழுதிக் கவியரங்கில் படித்த கவிதை ஒன்றை, வெளிவரவிருக்கும் மலரில் மறுபதிப்புச் செய்ய இசைவு வேண்டும் என்றார்கள். இரண்டு வேண்டுகோள்களும் ஒரே வாரத்தில் வந்தன. அவை தனித்தனியானவை என்றே அவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கோ இரண்டும் ஒன்றுதான். அந்தக் கவிதை ஸ்டாலினைப் பற்றியது. என் பயணம் அவர் பிறந்த ஊருக்கு. ஆகவே பயணத்தைச் சொல்லி முடிக்கும்போது, கவிதையை என்ன செய்யலாம் என்பதற்கும் விடை சொல்லியாக வேண்டும்.

முதலில் எங்கள் குடும்பக் கதை கொஞ்சம். என் தந்தையார் ஆரம்பப்பள்ளி ஆசிரியர். வீட்டுக் கூடத்தில் சாமி படங்கள் இருந்த சுவருக்கு எதிர்ச்சுவரில் ஸ்டாலின் படம் இருக்கும். 1961 அக்டோபரில் மாஸ்கோவில், லெனின் சமாதிக்குள் வைக்கப்பட்டிருந்த ஸ்டாலின் உடலை வெளியே எடுத்துக் கிரெம்ளின் மதில் ஓரம் புதைத்தார்கள். அடுத்த சில மாதங்களில் என் தம்பி பிறந்தான். மாஸ்கோவுக்கு மறுமொழி கூறுவதுபோல அப்பா அவனுக்கு ஸ்டாலின் என்று பெயர் வைத்தார். தமிழ்நாட்டில் இது புதுமையன்று. 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்த நாட்களில் பிறந்த குழந்தைக்கு இரங்கல் கூட்டத்திலேயே அப்பெயரைச் சூட்டினார் கலைஞர். அக்குழந்தை 2021இல் முதலமைச்சராகப் பொறுப்பேற்றதை நாடறியும். லெனின், காந்தி, நேரு, போஸ் என்று உலகத்தையே தொட்டிலில் இட்டுத் தாலாட்டிய தலைமுறை அது.

என் தம்பியின் மகள் ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கிறாள். தலைநகர் திபிலீசியில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். நமக்கு முன்னெழுத்து உண்டு. குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டு வாங்கும்போது தந்தையின் பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதிவிடுகிறோம். ஆகவே ஜார்ஜியாவின் அலுவலகங்களில், வகுப்பறைகளில், வாடகை ஒப்பந்தத்தில், எங்கள் வீட்டுப் பெண்ணை அழைக்கும் பெயர் ஸ்டாலின். உலகத்தில் எந்த நாட்டில் அந்தப் பெயர் சாதாரணமாகச் செல்லாதோ, அந்த நாட்டிலேயே அவள் அதைச் சுமந்துகொண்டு திரிகிறாள்.

சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். போய்ச் சேர்ந்த அன்றிரவே கேட்டாள்: “பெரியப்பா, இந்தப் பேரைச் சொன்னா சிலர் எந்திரிச்சு நின்னு கை குடுக்கிறாங்க. சிலர் முகத்தைத் திருப்பிக்கிறாங்க. நான் பெருமைப்படணுமா, வெட்கப்படணுமா?” கவிதை எழுதியவன் என்பதால் எனக்கு விடை தெரியும் என்று அவள் நினைத்திருக்கிறாள். “கோரிக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றேன்.

திபிலீசியின் திதுபே நிலையத்திலிருந்து மார்ஷ்ருட்கா என்னும் சிற்றுந்து புறப்படுகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். சாலையின் இருபுறமும் பழத்தோட்டங்கள்; தொலைவில் காக்கசஸ் மலைத்தொடர். லியாக்வி ஆறு குரா ஆற்றோடு கலக்குமிடத்தில், குன்றின்மேல் பழங்கோட்டை ஒன்று நிற்க, அதன் அடிவாரத்தில் கோரி அமைந்திருக்கிறது. 2008 ஆகஸ்டில் நடந்த போரில் ரஷ்ய விமானங்கள் இவ்வூரில் குண்டு வீசின. ரஷ்யப் படை சில நாட்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்தது. இன்று வடு தெரியாத அமைதியான ஊர். அதன் பெருந்தெருவுக்கு ஸ்டாலின் பெயர். தெருவின் ஒரு கோடியில் அருங்காட்சியகம்.

முதலில் கண்ணில் படுவது வீடுதான். செங்கல்லும் மரமுமாக, இரண்டே அறைகள் கொண்ட சிறு வீடு. செருப்புத் தைக்கும் விசாரியோன் ஜுகாஷ்விலி அதில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தார். வீட்டின் அடித்தளத்தில் அவருடைய பட்டறை. மனைவி எகதெரீனே துணி வெளுத்தும் தைத்தும் பிழைத்தவர். முதலில் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. தங்கிய பிள்ளைக்கு இயோசிப் என்று பெயர், வீட்டில் சோசோ. அக்குழந்தை இவ்வீட்டில் நான்காண்டுகள் வளர்ந்தது. அந்தத் தெருவில் இதேபோன்ற ஏழை வீடுகள் வரிசையாக இருந்தனவாம். அவற்றையெல்லாம் இடித்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் விட்டு வைத்து, அதன் தலைக்குமேல் 1930களில் பெருந்தூண்கள் தாங்கிய மண்டபம் ஒன்றை எழுப்பியிருக்கிறார்கள். அவர் உயிரோடு ஆண்டுகொண்டிருந்த காலம் அது. நம்மூரில் சுயம்பு மூர்த்திக்குக் கோயில் எழுப்புவதுபோல வீட்டுக்குக் கோயில் எழுப்பியிருக்கிறார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த வீட்டின் முன் நின்றபோது என் கண் கலங்கியது. என் 1979ஆம் ஆண்டுக் கவிதை முழுவதும் அந்த வீட்டைப் பற்றியதுதான். செருப்புத் தைப்பவரின் மகன் ஒரு பேரரசை ஆண்டான், ஹிட்லரை வென்றான் என்பதுதான் அதன் பொருள். தீண்டாமையைக் கண்ணால் கண்டு வளர்ந்த எனக்கு, தோல் தைக்கும் கை பெற்ற பிள்ளை என்ற ஒரு செய்தியே போதுமானதாக இருந்தது. அந்தச் செய்தி பொய்யன்று. இன்றும் அதன் முன் தலை தாழ்கிறேன்.

ஒரே ஒரு பிழையை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1979இல் நாங்கள் கொண்டாடியது அவருடைய நூற்றாண்டு. சோவியத் அரசு 1879 டிசம்பர் 21 என்று பிறந்த நாளை அறிவித்திருந்தது. கோரியின் தேவாலயத்துப் பதிவேட்டில் இருப்பதோ அதற்கு ஓராண்டு முந்தைய நாள். இன்றைய நாட்காட்டிப்படி 1878 டிசம்பர் 18. தம் பிறந்த ஆண்டைக்கூட உள்ளபடி சொல்லாத ஒருவருக்கு, அவர் சொன்ன கணக்கில் நாங்கள் விழா எடுத்தோம்.

வீட்டுக்குப் பின்னால் பெரிய மாளிகை. 1951இல் கட்டத் தொடங்கி 1957இல் ஸ்டாலின் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். இந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். 1956 பிப்ரவரியில் குருஷேவ், கட்சி மாநாட்டின் மூடிய அமர்வில் ஸ்டாலினின் கொடுமைகளை எடுத்துரைத்தார். அடுத்த மாதமே திபிலீசியில் இளைஞர்கள் ஸ்டாலினுக்கு ஆதரவாகத் தெருவில் இறங்கினார்கள். மார்ச் 9 அன்று சோவியத் படை சுட்டதில் பலர் மாண்டார்கள். அதற்கு மறு ஆண்டு இந்த மாளிகை திறக்கப்படுகிறது. ஜார்ஜிய மக்களுக்கு அவர் வெறும் ஆட்சியாளர் அல்லர். சிறிய மொழி பேசும் சிறிய நாட்டிலிருந்து போய்ப் பெரிய நாட்டை ஆண்ட ‘நம்ம ஊர்ப் பிள்ளை’. சிறுமைப்படுத்தப்பட்ட இனத்துக்கு இந்தப் பெருமிதம் எவ்வளவு ருசியானது என்று நமக்குத் தெரியாதா?

உள்ளே நுழைந்தால் அகன்ற படிக்கட்டு. சிவப்புக் கம்பளம். ஏறுகிற கண்ணுக்கு நேரே வெண்ணிறச் சிலை. மேலே ஆறு கூடங்கள், காலவரிசையில். முதற்கூடத்தில் பள்ளிச் சிறுவன், பாதிரிப் பள்ளி மாணவன், புரட்சிக்காரன். பிறகு லெனினோடு, பிறகு லெனின் இல்லாமல், பிறகு போர். அவருடைய மேசை நாற்காலி, சீருடை, புகைக்குழாய். உலகமெங்கும் இருந்து வந்த பரிசுகள். கடைசியில் இருட்டான வட்ட அறை ஒன்று. நடுவில், இறந்த சில மணி நேரத்தில் வார்த்தெடுத்த முகப்படிமத்தின் வெண்கலப் படி. பன்னிரண்டு படிகளில் ஒன்றாம். கோயிலில் அர்த்தமண்டபத்தைக் கடந்து கருவறைக்குள் நுழைவதுபோல அங்கே எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நானும் தாழ்த்திக்கொண்டேன்.

எங்களுக்கு வழிகாட்டிய பெண்மணி நல்ல பண்பாளர். ஒவ்வொரு கூடத்திலும் மளமளவென்று ஒப்பித்தார். என் தம்பி மகளின் குடும்பப் பெயரைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்து, அவள் தோளைத் தட்டி, இன்னும் உற்சாகமாகப் பேசினார். “இவர் ஒரு கவிஞரும்கூட, தெரியுமா? பதினாறு வயதில் இவர் எழுதிய கவிதைகள் பத்திரிகையில் வந்திருக்கின்றன” என்றார். நானும் கவிஞன் என்று சொல்லிக்கொள்ள அப்போது எனக்கு மனம் வரவில்லை.

நண்பர்களே, அந்தக் கவிதைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பாதிரிப் பள்ளியில் ரஷ்ய மொழி ஆண்ட காலம். தாய்மொழி பேசினால் தண்டனை. அந்தச் சூழலில் ஒரு பையன் தாய்மொழியில் கவிதை எழுதுகிறான். எழுதியதை, ஜார்ஜியாவின் தேசியக் கவியான இலியா சாவ்சவாட்ஸே நடத்திய ‘இவேரியா’ இதழுக்குக் கொண்டுபோகிறான். 1895இல் அவனுடைய ஐந்து கவிதைகள் அதில் வெளியாகின்றன. புனைபெயர், சொசெலோ. ஒரு கவிதை பின்னாளில் குழந்தைகளின் பாடநூலிலும் இடம்பெற்றது. அப்போது அந்தச் சொசெலோதான் ஸ்டாலின் என்று யாருக்கும் தெரியாது. ஆட்சிக்கு அஞ்சிச் சேர்த்ததன்று, கவிதைக்காகவே சேர்த்தது. நம் வட்டத்துக்கு அந்தப் பையன் வந்திருந்தால் நாமும் கைதட்டி முன்வரிசையில் உட்கார வைத்திருப்போம்.

ஊர் திரும்பியபின் அவற்றின் மொழிபெயர்ப்புகளைத் தேடிப் படித்தேன். அவற்றில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு பாணன் கையில் இசைக்கருவியோடு வீடு வீடாகப் போய் உண்மையைப் பாடுகிறான். கேட்டவர்கள் அவனுக்குப் பரிசிலாகக் கொடுப்பது நஞ்சுக் கிண்ணம். இதுதான் அக்கவிதையின் செய்தி. பதினாறு வயதுப் பையன் பாணன் பக்கம் நின்று எழுதியிருக்கிறான். நெஞ்சறிந்து எழுதியிருக்கிறான் என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

பிறகு அவன் கைக்குக் கிண்ணம் வந்தது.

1915இல் ஜார்ஜியாவின் குத்தாயிசி நகரத்தில் சில இளங்கவிஞர்கள் ஓர் இலக்கிய வட்டம் தொடங்கினார்கள். ‘நீலக் கொம்புகள்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். விருந்தில் மது ஊற்றிக் குடிக்கும் கொம்பைத்தான் அப்படிச் சொன்னார்கள். நம்மைப் போலவே கூடினார்கள், படித்தார்கள், சண்டையிட்டார்கள், இதழ் நடத்தினார்கள். பாவ்லோ யாஷ்விலி, திட்சியான் தபிட்ஸே இருவரும் அதில் முதன்மையானவர்கள், உயிர் நண்பர்கள். 1937இல், எழுத்தாளர் சங்கத்தில் ஒருவர் மற்றவரைக் குற்றம் சாட்ட வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. ஜூலை 22 அன்று யாஷ்விலி திபிலீசியின் எழுத்தாளர் சங்கக் கட்டடத்துக்கு வேட்டைத் துப்பாக்கியோடு போய் அங்கேயே தம்மைச் சுட்டுக்கொண்டார். இலையுதிர் காலத்தில் தபிட்ஸேயைக் கைது செய்தார்கள். உன் கூட்டாளி யார் என்று கேட்டு வதைத்தபோது, அவர் ஒரே ஒரு பெயரைச் சொன்னாராம்: பெசிக்கி. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இறந்துபோன கவிஞர் அவர். டிசம்பரில் தபிட்ஸேயைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி மனைவியை எட்டவே பல ஆண்டுகள் ஆயின.

ரஷ்யாவில் ஓசிப் மண்டல்ஷ்டாம். 1933இல் ஸ்டாலினைப் பற்றிப் பதினாறே வரிகளில் ஒரு கவிதை இயற்றினார். தாளில் எழுதிப் பரப்பவில்லை. நம்பிக்கையானவர்கள் என்று அவர் எண்ணியவர்களிடம் வாயால் சொன்னார். 1934 மே மாதம் கைதானார். அந்நாட்களில் ஸ்டாலினே கவிஞர் பஸ்தர்நாக்கைத் தொலைபேசியில் அழைத்து, மண்டல்ஷ்டாம் தேர்ந்த கவிஞர்தானா என்று விசாரித்தார். கவிதையின் மதிப்பு தெரிந்தவர் கேட்ட கேள்வி அது. முதலில் நாடு கடத்தல். 1938இல் மறுபடியும் கைது. அவ்வாண்டு டிசம்பர் 27 அன்று, விளாதிவஸ்தோக்குக்கு அருகே, கைதிகளை இடைவழியில் நிறுத்தும் முகாமில் மண்டல்ஷ்டாம் இறந்தார். அவருடைய கவிதைகளை மனைவி நதேஷ்தா நெஞ்சில் மனப்பாடமாகச் சுமந்து காப்பாற்றினார். சங்கப் பாட்டையும் தேவாரத்தையும் காப்பாற்றியதில் நாவுக்கும் செவிக்கும் பங்கு உண்டு என்று நாம் பெருமையாகச் சொல்வோம். அங்கே ஒரு மனைவி அதை உயிருக்கு அஞ்சிச் செய்தார்.

கவிஞர்களை மட்டும் எண்ணுவது நியாயமாகாது. 1937, 1938 ஆகிய இரண்டே ஆண்டுகளில், அரசின் சொந்தப் பதிவேடுகளின்படியே சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 6,80,000க்கு மேல். 1932-33 பஞ்சத்தில், உக்ரைனில் மட்டும் மாண்டவர்கள் முப்பத்தைந்து லட்சத்துக்குக் குறையார் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கணிப்பு. 1944 பிப்ரவரியில் செச்சென், இங்குஷ் மக்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரைச் சில நாட்களில் சரக்கு வண்டிகளில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பினார்கள். கோரி அருங்காட்சியகத்தின் முற்றத்திலும் ஒரு ரயில் பெட்டி நிற்கிறது. பச்சை நிறம், கவசத் தகடு, 83 டன் எடை, உள்ளே குளியல் தொட்டி. யால்டா மாநாட்டுக்கு ஸ்டாலின் போன பெட்டி. அதைத் தொட்டுப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். மற்ற ரயில் பெட்டிகள் அங்கே இல்லை.

இவற்றையெல்லாம் அருங்காட்சியகம் அடியோடு மறைத்துவிட்டது என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். ஆறு கூடங்களையும் பார்த்துவிட்டுக் கீழே இறங்கியபின், படிக்கட்டின் காலடியில் ஒரு சிறு அறையைக் காட்டினார்கள். அடக்குமுறையைப் பற்றிய இடம் அது. பின்னாளில் சேர்த்திருக்கிறார்கள். அறைக்கு முன்னால் வழிகாட்டிப் பெண்மணியின் குரல் இறங்கியது, வாக்கியங்கள் குறுகின. நாங்கள் அங்கே நின்ற நேரம் சில நிமிடங்கள். மேலே ஆறு கூடங்கள், சிவப்புக் கம்பளம். கீழே படியோரம் ஓர் அறை.

அந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. மேலே நான் பார்த்த பொருள்களில் எதுவும் பொய்யில்லை. வீடு மெய். வறுமை மெய். கவிதை மெய். ஹிட்லரை வென்றதும் மெய். அந்தப் போரில் சோவியத் மக்கள் ஏறத்தாழ இரண்டு கோடியே எழுபது லட்சம் பேர் உயிர் கொடுத்ததும் மெய். மெய்யான பொருள்களை வரிசைப்படுத்தும் முறையிலேயே ஒரு பெரும் பொய்யைச் சொல்ல முடியும். எதை மாடியில் வைப்பது, எதைப் படியோரம் வைப்பது, எதை வைக்காமல் விடுவது என்பதிலேயே அது நடந்துவிடுகிறது. இந்தத் தொழில் நமக்குத் தெரியாததா? எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று அறிந்தவனைத்தானே நாம் நல்ல கவிஞன் என்கிறோம்?

என் கவிதை என்ன செய்தது? அதில் இருபத்துநான்கு வரிகள். ஒரு வரியிலும் பொய்யான செய்தி கிடையாது. செருப்புத் தைப்பவரின் வீடு இருக்கிறது, வெற்றி இருக்கிறது, செங்கொடி இருக்கிறது. 1979இல் குருஷேவின் உரை வெளிவந்து இருபத்துமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. காதில் விழுந்தது. எதிரிகளின் பிரசாரம் என்று ஒதுக்கினேன். ஒதுக்குவதற்கு எனக்கு ஒரு வசதியான காரணம் இருந்தது. கவிதை நன்றாக வந்திருந்தது. கைதட்டலும் கிடைத்தது. அப்பா முன்வரிசையில் அமர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோரியின் மாடிக் கூடங்களை நான் ஊரில் இருந்துகொண்டே கட்டி முடித்துவிட்டேன். படியோர அறைகூட அதில் கிடையாது.

திபிலீசி திரும்பிய மாலையில் என் தம்பி மகள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் தேநீருக்கு அழைத்தார். எண்பதை நெருங்கும் மூதாட்டி. கோரிக்குப் போய்வந்தோம் என்றதும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பேசியதை என் தம்பி மகள் தமிழில் சொன்னாள். மூதாட்டியின் தாத்தா சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர். 1937இல் அழைத்துப் போனார்கள். ‘கடிதத் தொடர்பு உரிமையின்றிப் பத்தாண்டுச் சிறை’ என்று வீட்டுக்குத் தகவல் வந்தது. அந்தத் தொடர், சுட்டுவிட்டோம் என்பதற்கு அரசு வைத்திருந்த மாற்றுச் சொல் என்பது பாட்டிக்குத் தெரியாது. பத்தாண்டு கழித்து வருவார் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாராம். வாடகை ஒப்பந்தத்தில் இந்தப் பெண்ணின் பெயரைப் பார்த்ததும் வீடு தருவதில்லை என்றுதான் மூதாட்டி முதலில் முடிவு செய்தாராம். “பிறகு நினைத்தேன், இந்தப் பெயரை இந்தக் குழந்தையா வைத்துக்கொண்டது?” என்றார். என் தம்பி மகள் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

பள்ளி ஆசிரியர் என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. என் தந்தையாரும் பள்ளி ஆசிரியர். கெட்ட எண்ணம் என்பதை அறியாத மனிதர். ஏழைப் பிள்ளைகளுக்குத் தம் சம்பளத்தில் பலகையும் குச்சியும் வாங்கிக் கொடுத்தவர். அவர் ஓர் ஊரில் இருந்துகொண்டு பிள்ளைக்கு ஆசையாக வைத்த பெயர், இன்னோர் ஊரில் இன்னோர் ஆசிரியர் வீட்டில் எப்படி ஒலிக்கும் என்று அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் எழுதுகிறவர்கள். அந்த வேலையை நான் செய்யவில்லை. அவர் காதுக்கு இனிமையாக இருபத்துநான்கு வரி எழுதினேன்.

கோரியில் ஸ்டாலினுக்கு ஒரு பெருஞ்சிலை இருந்தது, நகர மன்றத்தின் முன்னால். 2010 ஜூன் மாதம் ஓர் இரவில், ஊர் தூங்கும் நேரத்தில் அதைக் கழற்றி எடுத்துப் போனார்கள். 2008 போருக்குப் பின், இந்த அருங்காட்சியகத்தையே ரஷ்ய ஆக்கிரமிப்பின் அருங்காட்சியகமாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. இது வரலாற்றைத் திரித்துக் கூறுமிடம் என்று வாசலில் பதாகை கட்டினார்கள். 2012இல் ஊர் மன்றம் அந்தத் திட்டம் வேண்டாம் என்று தீர்மானித்தது, பதாகையும் போய்விட்டது. வைத்தவர்களும் எடுத்தவர்களும் ஒரே முறையைத்தான் கையாள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்டாலின் காலத்தில், கொல்லப்பட்டவர்களைப் பழைய புகைப்படங்களிலிருந்தும் அழித்துவிடுவார்கள். கால்வாய்க் கரையில் ஸ்டாலினோடு நின்ற காவல்துறைத் தலைவர் யெஷோவ், வீழ்ந்தபின் அதே படத்தில் காணாமற்போனார். அவர் நின்ற இடத்தில் தண்ணீரை வரைந்துவிட்டார்கள். இரவோடு இரவாக எடுப்பது எளிது. எடுத்தபின் அங்கே ஒன்று இருந்தது என்பதே மறந்துபோகும். நாம் ஏன் அதை வைத்தோம் என்ற கேள்வியும் கூடவே போய்விடும்.

ஆகவே மலர்க்குழுவினருக்கு என் விடை இது. அந்தக் கவிதையை நீக்கச் சொல்ல மாட்டேன். ஒரு சொல்லையும் திருத்த மாட்டேன். எழுதிய ஆண்டு 1979 என்று மேலே தெளிவாகப் போடுங்கள். அதற்கு எதிர்ப்பக்கத்தில், எதிர்ப்பக்கத்திலேயே, இந்த உரையை அச்சிடுங்கள். பின்னிணைப்பில் சிற்றெழுத்தில் வேண்டாம். படியோர அறையாக இது ஆகிவிடக்கூடாது. யாஷ்விலி, தபிட்ஸே, மண்டல்ஷ்டாம் ஆகிய மூவர் பெயரும் என் கவிதைக்குச் சமமான எழுத்தளவில் வர வேண்டும்.

வட்டத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பத்தாண்டுகளில் எத்தனையோ வாழ்த்துக் கவிதைகள் இந்த மேடையில் அரங்கேறியிருக்கின்றன. தலைவர்களைப் பாடியிருக்கிறோம்; நானும் பாடியிருக்கிறேன். பாடுவது தவறென்று சொல்ல வரவில்லை. நம் மரபிலேயே பாணர் மன்னனைப் பாடினார்கள். கோவூர்கிழார் போன்றோர் மன்னன் முகத்துக்கு நேரே நின்று, கொல்லாதே என்றும் பாடினார்கள். முதலாவதை மட்டும் நாம் சொத்தாக எடுத்துக்கொண்டோமோ என்று ஐயமாக இருக்கிறது. அடுத்த பத்தாண்டில், வாழ்த்துப்பா படிக்க ஒருவர் எழும்போது, இதில் சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்க ஒருவராவது இந்த அவையில் இருக்க வேண்டும். கேட்டவரை நாம் வெளியே அனுப்பாமலும் இருக்க வேண்டும்.

என் தம்பி மகளுக்கு என்ன விடை சொன்னேன் என்று கேட்பீர்கள். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அவள் மறுபடியும் கேட்டாள். பெருமையும் வேண்டாம், வெட்கமும் வேண்டாம், பெயர் உன்னுடையதன்று, உன் தாத்தாவுடைய ஆசை என்று தொடங்கினேன். அவள் இடைமறித்தாள். “அதெல்லாம் நானே யோசிச்சுட்டேன், பெரியப்பா. அந்தப் பாட்டிகிட்ட நான் என்ன சொல்றது? அதைச் சொல்லுங்க.”

அதற்கு என்னிடம் விடை இல்லை. மூதாட்டியின் தாத்தா பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். எழுதி வைத்திருக்கிறாள். போன மாதம் எனக்கும் தொலைபேசியில் சொன்னாள். அந்தப் பெயரை இங்கே சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் என் நாட்குறிப்பில், 1979ஆம் ஆண்டுக் கவிதையை ஒட்டி வைத்திருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அது இருக்கிறது.